உப்பு யார் போட்டது என்று அவர் கேட்கவே இல்லை

உப்புப் பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்துவிட்டு, சொன்ன வேலையை முடித்த நிம்மதியோடு மாடியேறிப் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து "டாய்!" என்று ஒரு குரல். பயப்பட வேண்டாம். பிலிப்பைன்ஸில், நான் படிக்கப் போன செபுவில், இளம்பெண்களை 'இன்டாய்' என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் அது சுருங்கி 'டாய்' ஆகிவிடும். பாப்பா, கண்ணு என்பதுபோலச் செல்லமான விளிதான். பையன்களுக்கு 'டோங்'. எங்கள் திண்டுக்கல்லில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து யாராவது 'டாய்' என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு விறைத்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் பசிக்கிறது.

கீழே போனால் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கிண்ணங்களில் ஊத்தான் ஆவி பறந்துகொண்டிருந்தது. பூசணி, வெண்டைக்காய், கத்தரிக்காய், பசலைக்கொடி, கடைசியில் கைநிறைய முருங்கைக்கீரை, வாசனைக்கு ஒரு கட்டு எலுமிச்சைப்புல். இவற்றைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு உப்புப் போட்டு இறக்கினால் ஊத்தான். புளி இல்லை, மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. உப்பு ஒன்றுதான் அதைச் சாப்பாடாக்குகிறது. அன்றைக்கு அந்த உப்பும் இல்லை. வீட்டுக்காரம்மா தன் கிண்ணத்தையும், மேஜை நடுவில் அலங்காரமாக நின்ற உப்புப் பாட்டிலையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போன வாக்கியம் இது: "புத்தாஙி ஒக் அஸின், டாய்." எனக்குத் தெரிந்த சொற்கள் இரண்டு. புத்தாங் என்றால் வை. அஸின் என்றால் உப்பு. உப்பை வை. வைத்தேன். அவர் சொன்னதோ சாற்றில் உப்புப் போடு என்று. இதில் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது, சாறு என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை என்பதுதான். ஆனால் சாறு அதற்குள் இருந்தது. 'புத்தாஙி' என்பதன் கடைசி 'இ'யில் இருந்தது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தாங்கில் வரும் 'பு'வைப் பம்பரத்தின் இரண்டாவது ப போலச் சொல்ல வேண்டும். 'ஙி' என்பது அசல் ஙி, 'ங்கி' அல்ல. நாம் ங, ஙா, ஙி, ஙீ என்று சிலேட்டில் ஒருமுறை எழுதிப் பார்த்ததோடு கைவிட்ட அந்த வரிசைக்கு இந்த ஊரில் நாள் முழுக்க வேலை இருக்கிறது. ஏன் என்பது 'ஙானோ'. பெயர் 'ஙாலான்'. பல் 'ஙீப்போன்'. சொல்லுக்கு முதலிலேயே ங வரும். கூடப் படித்த வடநாட்டுப் பிள்ளைகள் இதற்குத் திணறியபோது நான் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன். அரிச்சுவடியால் எனக்குக் கிடைத்த ஒரே சர்வதேச லாபம் அது.

போடு என்னும் சொத்து

2018இல் மருத்துவம் படிக்கச் செபு நகரத்துக்கு வந்தேன். லபாஙோன் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் அறை. வகுப்புகள் ஆங்கிலத்தில். அதனால் உள்ளூர் மொழி இல்லாமலே காலம் தள்ளிவிடலாம் என்றுதான் சீனியர்கள் சொன்னார்கள். அந்த மொழியை ஊர்க்காரர்கள் பிஸாயா என்பார்கள், புத்தகங்கள் செபுவானோ என்கின்றன. செபு, பொஹோல், நெக்ரோஸின் கிழக்குப் பாதி, மிண்டனாவோவின் பெரும்பகுதி எல்லாம் இந்த மொழிதான். ஆனாலும் தலைநகர் மணிலாவின் தகாலோக் மொழிக்கு இருக்கும் மவுசு இதற்கு இல்லை. சீனியர்கள் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது: எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, மூச்சை இழுத்து விடுங்கள். அதோடு சரி.

நான் அந்தத் தாளை விட்டுவிட்டு வீட்டுக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவரை அக்கம்பக்கத்தில் 'நாங்' என்பார்கள், அக்கா என்கிற மாதிரி. நான் 'நானாய்' என்றேன், அம்மா. முதல் மாதம் முழுக்கப் பொருள்களைக் காட்டிக் காட்டிப் பெயர் கேட்டேன். 1521இல் மெகல்லனோடு இந்தத் தீவுக்கு வந்த பிகஃபெட்டா என்ற இத்தாலியரும் இதையேதான் செய்திருக்கிறார். இங்கே கேட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சொற்களைக் குறித்து வைத்தார். தலைமுடி, முகம், கண், மூக்கு என்று பெரும்பாலும் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய பெயர்கள். விரலுக்குக் கிடைப்பது பெயர்ச்சொல்தான். வினைச்சொல்லைத் தொட்டுக் காட்ட முடியாது. சமையலறையில் நின்றுகொண்டு எதையாவது கெடுத்தால்தான் அது கைக்கு வரும்.

எனக்கு முதலில் வந்த வினை புத்தாங். வந்ததும் பிடித்துப்போயிற்று, ஏனென்றால் அதை நான் 'போடு' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். தமிழச்சிக்குப் போடு கிடைத்துவிட்டால் பாதிக் குடித்தனம் நடந்துவிடும். சோறு போடு, கோலம் போடு, சட்டை போடு, விளக்கைப் போடு, காபி போடு, தாழ்ப்பாள் போடு, சண்டை போடு, குப்பையில் போடு. நம் வீடுகளில் இந்த ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டால் காலை பத்து மணிக்குள் வேலை நின்றுபோகும். ஆகவே புத்தாங்கை எடுத்து எல்லா இடத்திலும் போட்டேன்.

அறைத்தோழியிடம் விளக்கைப் போடச் சொல்ல "இபுத்தாங் அங் ஸூகா" என்றேன். அவள் "ஆஸா?" என்றாள். எங்கே? விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கிறாள். சுவரில் இருக்கிற டியூப்லைட்டை நான் எங்கே வைக்கச் சொல்வேன்? அவர்கள் சாதாரணமாக 'இ-ஆன்' என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் அந்த 'இ'யை ஒட்டிவிட்டால் அது பிஸாயா. இ-டெக்ஸ்ட், இ-சார்ஜ், எல்லாம் அப்படித்தான். சட்டை போடுவதற்கு வேறு சொல், ஸூல்-ஒப். குப்பையில் போடுவதற்கு வேறு, லாபாய். சாப்பாட்டை எடுத்து மேஜையில் வைப்பதற்கு வேறு, ஹாயின்.

காபி விஷயத்தில் நடந்ததை இன்னும் அந்த வீட்டில் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, கண் எரிய மாடியிலிருந்து இறங்கி வந்து, நானாயிடம் கொஞ்சலாக, "புத்தாஙி கோ ஒக் காப்பே" என்றேன். எனக்குக் கொஞ்சம் காபி போடுங்கள் என்று நினைப்பு. நான் சொன்னது 'என் மேல் காபியை விடுங்கள்' என்று. அவர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் என் தலைக்கு நேரே கொண்டுவந்தார். காபி கலக்குவதற்குத் 'திம்ப்ளா' என்று தனிச்சொல் இருக்கிறது. 'திம்ப்ளாஹி கோ' என்றால் எனக்குக் கலந்து கொடு. அதே 'இ'தான் அதன் வாலிலும். அங்கே அது 'எனக்காக', புத்தாஙியில் அது 'என்மேல்'. ஒட்டு ஒன்று, வினை மாறினால் அதன் வேலையும் மாறிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் இன்னொரு வினையில் கையை வைத்து, நானாய்க்காக அரிசி எடுத்திருக்கிறேன் என்பதைத் தெருமுனைக் கடைக்காரியிடம் 'நானாயிடமிருந்து அரிசியை எடுத்துவிட்டேன்' என்றும் கேட்கும்படி சொன்னேன். 'கூஹா' என்ற வினையில் இரண்டுக்கும் ஒரே வடிவம், கிகுஹாஆன். கடைக்காரி புருவத்தை உயர்த்தினாள். இந்த ஊரில் புருவத்தை உயர்த்தினால் ஆமாம் என்று அர்த்தம். எதற்கு ஆமாம் என்றாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிலி இக்காவ்

இரவில் உட்கார்ந்து இலக்கணம் தேடினேன். ஜான் வுல்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் தொகுத்து 1972இல் வெளிவந்த செபுவானோ அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திறந்ததும் முதல் அடி. 'ஒக்' என்ற சொல்லைக் காணோம். அவர் அ, இ, உ என்று மூன்றே உயிர்களை வைத்து எழுதுகிறார், ஒகரமெல்லாம் உகரத்துக்குள் போய்விட்டது. இரண்டாவது அடி, ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஏ, பி, சி என்று எழுத்துகள். இந்த வினை எந்தெந்த ஒட்டுகளை ஏற்கும் என்பதற்கான குறியீடுகள் அவை. மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. அதைப் படித்துப் படித்து ஒரு அட்டவணை போட்டு (பாருங்கள், அட்டவணையும் போடத்தான் வேண்டும்) சுவரில் ஒட்டினேன்.

அந்த அட்டவணை சொன்னது சுருக்கமாக இதுதான். 'இபுத்தாங்' என்றால் பேச்சு உப்பைப் பற்றியது: உப்பை எங்கேயோ வை. 'புத்தாஙி' என்றால் பேச்சு சாற்றைப் பற்றியது: அதில் எதையோ போடு. நடந்து முடிந்ததென்றால் முன்னால் ஒரு 'கி' வரும், வாலில் இருக்கும் 'இ' 'ஆன்' ஆகிவிடும். கிபுத்தாங், உப்பு வைக்கப்பட்டது. கிபுத்தாஙான், சாற்றில் போடப்பட்டது. எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சோ அதற்கு முன்னால் 'அங்'. இவை தவிர மூன்றாவதாக ஒரு வடிவம், 'நக்புத்தாங்'. அதில் பேச்சு போட்டவரைப் பற்றியது. நான் போட்டேன், அவர் போட்டார்.

இந்த மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. நம் வினைமுற்று அப்படித்தானே. போட்டேன், போட்டாய், போட்டாள், போட்டார், போட்டது. போட்டவர் யார், ஆணா பெண்ணா, மரியாதை கொடுக்க வேண்டியவரா, ஒருவரா பலரா என்று அத்தனையையும் வால் சொல்லிவிடும். எதைப் போட்டது, எதில் போட்டது என்பதை வினை கண்டுகொள்ளாது. ஐ, இல், கு என்று பெயர்களின் முதுகில் ஏற்றி அனுப்பிவிடும். ஆகவே நான் மற்ற இரண்டு வடிவங்களையும் சுவரிலேயே விட்டுவிட்டு 'நக்'கைக் கட்டிக்கொண்டேன். நக்புத்தாங் கோ, நக்கூஹா கோ, நக்லூத்தோ கோ. நான் வைத்தேன், நான் எடுத்தேன், நான் சமைத்தேன். இலக்கணப் பிழை இல்லை. யாரும் சிரிக்கவில்லை. நான்கைந்து மாதம் இப்படியே ஓட்டினேன். எனக்குப் பிஸாயா வந்துவிட்டது என்றும் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டின் பின்பக்கம் கூரை போட்ட திறந்த சமையலிடம் ஒன்று உண்டு. மீன் பொரிப்பது, கரியடுப்பு மூட்டுவது எல்லாம் அங்கேதான். அதை அவர்கள் 'டர்ட்டி கிச்சன்' என்பார்கள். வீட்டிலேயே மிகச் சுத்தமான இடமும் அதுதான். நானாய் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் ஊத்தானுக்குப் பொறுப்பு. பக்கத்து வீட்டில் காலை ஒன்பதுக்கே கரோக்கே தொடங்கியிருந்ததால் சத்தமாகக் கேட்டார்: "கிபுத்தாஙான் நா பா நீமோ ஒக் அஸின் அங் ஸபாவ்?" சாற்றுக்கு உப்புப் போட்டாயிற்றா?

"நக்புத்தாங் கோ ஒக் அஸின்," என்றேன். நான் உப்புப் போட்டேன்.

அவர் மீனை விட்டுவிட்டுத் திரும்பினார். கோபம் இல்லை. நெடுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்ற முகம். "டிலி இக்காவ், டாய்," என்றார். "அங் ஸபாவ்." நீ இல்லை, பாப்பா. சாறு.

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்துச் சாற்றுப் பானையை நோக்கி நீட்டினார். இங்கே யாரும் எதையும் விரலால் காட்டமாட்டார்கள், உதட்டால்தான். பிறகு உப்புப் பாட்டிலை நோக்கி உதட்டை நீட்டி, "இபுத்தாங்" என்றார். மறுபடி பானையை நோக்கி, "புத்தாஙி". மறுபடி பாட்டில், மறுபடி பானை. கடைசியாக என்னை நோக்கி உதட்டை நீட்டி, "நக்புத்தாங்" என்று சொல்லி, தன் நெஞ்சில் கையை வைத்து, திருவிழா மேடையில் பேசும் கவுன்சிலர் மாதிரி நிமிர்ந்து நின்று காட்டினார். அவருக்கு ஏ, பி, சி எதுவும் தெரியாது. ஆறு மாதமாகச் சுவரில் தொங்கிய என் அட்டவணை மூன்று உதட்டுச் சுழிப்பில் முடிந்துபோயிற்று.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். இத்தனை நாளும் நான் பேசிய வாக்கியங்கள் இவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? சாறு என்னாயிற்று என்று கேட்டால் நான் போட்டேன் என்கிறேன். தட்டு எங்கே என்று கேட்டால் நான் கழுவினேன் என்கிறேன். துணி காய்ந்ததா என்றால் நான் எடுத்தேன். ஒரு பிழையும் இல்லாமல், நாள் முழுக்க என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நம் ஊரில் அடக்கமான பெண் என்று பேரெடுத்தவள் நான். அந்த வீட்டில் என்ன பேர் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்காக அவர்கள் தன்னடக்கமான மக்கள், அதனால்தான் வினை இப்படி இருக்கிறது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. மொழியைப் பார்த்து மக்களுக்கு ஜாதகம் கணிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். கரோக்கேயில் மைக்கைப் பிடித்தால் நானாய் மூன்று பாட்டுக்குக் குறைந்து விடமாட்டார். இது குணம் அல்ல, பழக்கம். வாயைத் திறப்பதற்கு முன்னால் 'இப்போது எதைப் பற்றிப் பேச்சு' என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிற பழக்கம். அதைப் பார்க்காமல் அங்கே வினைச்சொல் வாயிலிருந்து வெளியே வராது. நமக்கு வந்துவிடும்.

மொழிபெயர்க்கத்தான் வழியில்லை. கிபுத்தாஙான் என்பதைப் பள்ளிக்கூட இலக்கணப்படி செயப்பாட்டு வினையாக்கினால் 'சாறு உப்பிடப்பட்டுவிட்டது' என்று வரும். தாசில்தார் அலுவலகத்தில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. இதைச் செயப்பாட்டு வினை என்பதா, வேறு பெயர் வைப்பதா என்று மொழியியலாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாதாடட்டும். பத்து வயதுப் பையன் தெருவில் பந்தடித்துக்கொண்டே பத்து விநாடிக்கு ஒருமுறை இதைச் சொல்கிறான்.

ஆன், ஆன், ஆன்

கொரோனா எங்களைச் சொந்த ஊரில் உட்கார்த்திவைத்து, மறுபடி அனுப்பியபோது நானாய்க்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. எனக்கு மருத்துவமனைப் பயிற்சிக் காலம் தொடங்கியது. அங்கே ஒரு நோயாளியின் மனைவி நடந்ததைச் சொல்லும்போதுதான் அந்த 'ஆன்' மறுபடி என்னைப் பிடித்தது. கிபுத்தாஙான் ஒக் டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் ஏற்றினார்கள். கிகுஹாஆன் ஒக் டுகோ, ரத்தம் எடுத்தார்கள். கிஹத்தாகான் ஒக் தம்பால், மருந்து கொடுத்தார்கள். போட்டதும் எடுத்ததும் கொடுத்ததும் எல்லாமே 'ஆன்'. எல்லாவற்றிலும் 'அங்' இருக்கும் இடத்தில் படுத்திருக்கிற ஆள். குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியோ நர்ஸைப் பற்றியோ அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தையும் தொடங்கவில்லை. என் தமிழில் அதைக் குறிப்பெடுத்துப் பார்த்தேன்: ஏற்றினார்கள், எடுத்தார்கள், கொடுத்தார்கள். நான் எழுதியதில் 'ஆர்கள்' யாரோ ஒரு கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்றது. அந்த அம்மாள் சொன்னதில் அவள் புருஷன் மட்டும் இருந்தான்.

இதைப் பெரிய தத்துவமாக்கிவிடும் ஆசை ஒரு வாரம் இருந்தது. நோயாளியை நடுவில் வைக்கும் இலக்கணம் என்று வகுப்பில் ஒரு சின்ன உரைகூடத் தயார் செய்தேன். நல்லவேளை, அதற்குள் அந்த வார இறுதியில் உப்பு மறுபடி வந்து காப்பாற்றியது.

அன்றைக்கு ஊத்தானில் வாய் வைக்க முடியவில்லை. கடல். யாரோ இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். சமையலறையில் இருந்தது நானும் நானாயும்தான். நான் மிகச் சரியான வடிவத்தில், சாற்றை முன்னிறுத்தி, பெருமையோடு கேட்டேன்: கிபுத்தாஙான் பா நீமோ? நீங்கள் இதில் போட்டீர்களா? நானாய் ஸ்பூனை வைத்தார். "அயாவ் கோ புத்தாங்புத்தாஙி!" என்றார். மேஜையே சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அயாவ் என்றால் வேண்டாம், கோ என்றால் என்னை. என்னைப் போட்டுப் போடாதே? என்மேல் வைத்து வைக்காதே?

புத்தாங்கை இரட்டித்தால் பழி போடுவது. செய்யாத ஒன்றைச் செய்ததாக ஒருவர்மேல் சுமத்துவது. மாடிக்குப் போய் வுல்ஃப் அகராதியைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன். விளக்குக்கு ஒத்துவரவில்லை, சட்டைக்கு இல்லை, காபிக்கு இல்லை. போடு என்று நான் மொழிபெயர்த்தது ஒவ்வொரு இடத்திலும் தப்பாகப் போய், கடைசியில் பழியில் வந்து நம் சொல்லும் அவர்கள் சொல்லும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கின்றன. பழியை நாமும் போடுகிறோம், அவர்களும் போடுகிறார்கள். அதுவும் அந்த 'இ' வாலோடு. சாற்றில் உப்புப் போடுவதற்கு என்ன வடிவமோ அதே வடிவம், இங்கே பழி விழுவது நானாய்மேல். செயலுக்கு ஆளாகிறவரை நடுவில் வைப்பதெல்லாம் கருணையால் அல்ல, அவதூறுக்கும் அந்த இலக்கணமே போதும் என்று தெரிந்தபின், என் வகுப்பு உரையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். லாபாய்.

அந்த உப்பை இரண்டாவது முறை போட்டது நான்தான் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆச்சு

போன முறை ஊருக்கு வந்தபோது, வீட்டில் அத்தையும் வந்திருந்தாள். அடுப்பில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே, "குழம்புக்கு உப்புப் போட்டியாடி?" என்றாள்.

போட்டியா. கேள்வி குழம்பைப் பற்றியது, வினையின் வால் என்னைப் பற்றியது. முன்பெல்லாம் இதைக் கவனித்ததே கிடையாது. போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், நானாயின் உதடு நினைவுக்கு வந்துவிட்டது. நீ இல்லை, சாறு. என்னை வெளியே எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் சொல்லத் தமிழில் வழி இல்லையா என்று கரண்டியும் கையுமாக நின்றேன். பிறகு அது தானாக வந்தது.

"போட்டாச்சும்மா."

சிறுவயதிலிருந்து ஆயிரம் முறை சொன்ன சொல். வந்தாச்சு, குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு. இதில் ஏன், ஆய், ஆள், ஆர் எதுவும் இல்லை. யார் என்று கேட்டுக்கொண்டேயிருக்கும் நம் வினை இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. வேலை முடிந்தது, அவ்வளவுதான் சேதி. உப்பா குழம்பா என்பதை இது பிரித்துச் சொல்வதில்லைதான், அந்த அளவுக்குப் புத்தாஙிக்கு ஈடாகாது. ஆனாலும் செபுவில் ஆறு மாதம் நான் தேடிய கதவு என் வீட்டிலேயே திறந்து கிடந்திருக்கிறது. கண்டுபிடித்த பூரிப்பில் கரண்டியை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"யாரு போட்டா?"

"என்னம்மா?"

"போட்டாச்சு போட்டாச்சுங்கிறியே, யாரு போட்டது? உங்க அத்தையா? அவ கை உப்புக் கைடி. கரிக்கும்."

"நான்தாம்மா போட்டேன்."

"நீ போட்டதுன்னா பத்தாது," என்று சொல்லி, ருசிகூடப் பார்க்காமல், உப்பு ஜாடியில் கைவிட்டு இன்னும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனாள்.